அரசு எண்ணெய், நிலக்கரி, மின்சாரப் பங்குகள்: சிறு முதலீட்டாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பங்குகளை வைத்துக்கொள்ளும் டீமேட் கணக்கு என்னிடம் இருக்கிறது என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தொடங்கி, ரிடையர்மென்ட் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்த பெரியப்பா வரை எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: எண்ணெய் தோண்டும் ஓஎன்ஜிசி, நிலக்கரி வெட்டும் கோல் இந்தியா, பெட்ரோல் விற்கும் இந்தியன் ஆயில் மாதிரி அரசு கம்பெனிப் பங்கில் போட்டால் பணம் பத்திரமாக இருக்குமா? தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் மொத்தமாக எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. நான் பதிவுபெற்ற ஆலோசகர் இல்லை, சொந்தப் பணத்தைப் போட்டும் விட்டும் கற்றுக்கொண்ட ஆள், அவ்வளவுதான்.

கவர்ன்மென்ட் கம்பெனி, மூடவே மாட்டாங்க. அப்புறம் என்ன ரிஸ்க்?

மூட மாட்டார்கள், சரி. ஆனால் கம்பெனி மூடாமல் இருப்பது ஒரு விஷயம், அதில் போட்ட பணம் வளர்வது இன்னொரு விஷயம். கோல் இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 அக்டோபரில் 245 ரூபாய்க்கு ஐபிஓ (முதல் பொது வெளியீடு) வந்தது, 15,000 கோடிக்கு மேல் திரட்டியது, அதுவரை இந்தியா பார்த்ததிலேயே பெரிய வெளியீடு. 2023 ஜூனில் அரசு தன் கையிலிருந்து இன்னும் 3 சதவீதத்தை விற்றபோது வைத்த குறைந்தபட்ச விலை 225 ரூபாய். பன்னிரண்டரை வருஷம் கழித்து, இருபது ரூபாய் குறைவாக!

இத்தனைக்கும் அந்த இடைவெளியில் கம்பெனி வெட்டியெடுத்த நிலக்கரி ஆண்டுக்கு 43 கோடி டன்னிலிருந்து 70 கோடி டன்னாக ஏறியிருந்தது. பங்கு விலை நடுவில் 400ஐத் தாண்டியது, 2020இல் 120க்கும் கீழே விழுந்தது. நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: அந்த 225க்கு அப்புறம் ஒன்றரை வருஷத்துக்குள் விலை இரட்டிப்புக்கு மேல் ஆனது. ஆகவே இது பணம் போகும் இடம் என்று நான் சொல்லவில்லை. விலையை ஏற்றுவதும் இறக்குவதும் யார் என்பதுதான் இங்கே வேறு.

என்கிட்ட 200 ஷேர்தான் இருக்கு. மைனாரிட்டி ஷேர்ஹோல்டர்னு என்னையா சொல்றாங்க?

உங்களையேதான். பெரும்பங்கு வைத்திருக்கும் அரசைத் தவிர மற்ற எல்லோரும் மைனாரிட்டிதான். ஃபண்டுகளும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும்கூட அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். பங்குச் சந்தை இணையதளத்தில் கம்பெனியின் பங்குதாரர் பட்டியலைத் திறந்தால் புரமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி) என்ற இடத்தில் 'இந்தியக் குடியரசுத் தலைவர்' என்று இருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் பெயரில் மத்திய அரசு வைத்திருக்கிறது என்று அர்த்தம். கோல் இந்தியாவில் 63 சதவீதம், ஓஎன்ஜிசியில் சுமார் 59, மின்சாரம் தயாரிக்கும் என்டிபிசியில் 51.

பாதிக்கு மேல் ஒருவர் கையில் இருந்தால் சாதாரணத் தீர்மானம் எதையும் அவரே நிறைவேற்றிக்கொள்ளலாம். சேர்மனைத் தேர்ந்தெடுப்பது அரசு, இயக்குநர்களை நியமிப்பதும் அரசு. அதற்கும் மேலாக, குடியரசுத் தலைவர் பெயரில் கம்பெனிக்கு நேரடியாக உத்தரவு போடும் அதிகாரம் கம்பெனியின் சங்க விதிகளிலேயே (கம்பெனி எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிவைத்த விதித்தொகுப்பு) இருக்கும். சும்மா அலங்காரத்துக்கு எழுதி வைத்தது என்று நினைக்க வேண்டாம். 2012 ஏப்ரலில் கோல் இந்தியா மேல் அதைப் பயன்படுத்தினார்கள்: மின் நிலையங்களோடு, பேசிய அளவில் 80 சதவீதத்தைத் தருவதாக உத்தரவாதம் கொடுத்து நிலக்கரி ஒப்பந்தம் போடு என்று. இயக்குநர் குழு தயங்கிக்கொண்டிருந்த விஷயம் அது. உத்தரவு வந்த பிறகு தயங்க இடமில்லை.

பெட்ரோல் விலையை மார்க்கெட்டுக்கு விட்டுட்டாங்கன்னு படிச்சேனே?

காகிதத்தில் விட்டுவிட்டார்கள். பெட்ரோலை 2010 ஜூனில், டீசலை 2014 அக்டோபரில். 2017 ஜூனிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் என்று அறிவிப்பும் வந்தது. ஆனால் பங்க் போர்டில் என்ன நடந்தது? 2021 நவம்பரில் உறைந்த விலை உத்தரப் பிரதேசம் உட்பட ஐந்து மாநிலத் தேர்தல் முடியும் வரை அசையவில்லை, உக்ரைன் போரில் கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியும் அசையவில்லை. 2022 மார்ச் 22ஆம் தேதி ஏற ஆரம்பித்து இரண்டு வாரத்தில் லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏறியது. ஏப்ரல் முதல் வாரத்தோடு மறுபடி நின்றது. அதற்கப்புறம் கம்பெனிகள் விலையில் கைவைத்தது 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்கு முந்தின நாள், இரண்டு ரூபாய் குறைத்தபோதுதான்.

இதன் விலையைக் கொடுத்தது யார்? 2022 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்றே மாதத்தில், பெட்ரோல் விற்கும் அரசு கம்பெனியான எச்பிசிஎல்லுக்கு 10,197 கோடி நஷ்டம். அதே தொழில் செய்யும் பிபிசிஎல்லுக்கு 6,000 கோடிக்கு மேல். கச்சா எண்ணெய் இறங்கியதும் அதே கம்பெனிகள் அள்ளிக் குவித்தன என்பதும் உண்மை, அதைப் பின்னால் பி.இ. கேள்வியில் பார்க்கலாம்.

எனக்கு மறக்காத நாள் 2018 அக்டோபர் 4. வரியில் ஒன்றரை ரூபாய் குறைக்கிறோம், எண்ணெய் கம்பெனிகள் ஒரு ரூபாயை ஏற்றுக்கொள்ளும் என்று நிதியமைச்சர் அறிவித்தார். ஒரு ரூபாய்தானே? மறுநாள் ஒரே நாளில் எச்பிசிஎல் பங்கு இருபது சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. சந்தை பயந்தது அந்த ஒரு ரூபாய்க்காக இல்லை. 'விட்டுவிட்டோம்' என்று நான்கு வருஷமாகச் சொன்ன பேச்சு ஒரு பேட்டியில் காற்றில் போனதே, அதற்காக.

பெட்ரோல் விக்கிற கம்பெனிக்குத்தானே இது? ஓஎன்ஜிசி கச்சா எண்ணெய் எடுக்குது, அதுக்கு லாபம்தானே வரணும்?

நியாயமான கேள்வி. ஆனால் 2014 வரை டீசல், மண்ணெண்ணெய், சிலிண்டர் மானியத்தில் ஒரு பங்கை எண்ணெய் எடுக்கும் கம்பெனிகளும் சுமக்க வேண்டும் என்று அரசு வைத்திருந்தது. கச்சா விலை ஏறினால் ஓஎன்ஜிசி கொடுக்க வேண்டிய தள்ளுபடியும் ஏறும். 2013-14இல் மட்டும் அது கொடுத்தது 56,000 கோடிக்கு மேல், அந்த வருஷ லாபத்தைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். அந்த முறை போய்விட்டது. 2022 ஜூலையில் விண்ட்ஃபால் வரி (எதிர்பாராமல் வந்த கொழுத்த லாபத்தின் மேல் போடும் வரி) என்று வேறு வாசல் வழியாக வந்தது (அதைத் தனியாரும் கட்டினார்கள்), 2024 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள்.

டிவிடெண்ட் சும்மா அள்ளித் தர்றாங்களே?

தருகிறார்கள். தரச் சொல்லி விதியே இருக்கிறது: லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் (சொத்தில் கடன் போக மிஞ்சுவது) 5 சதவீதம், இதில் எது அதிகமோ அது என்று 2016இல் வைத்தார்கள். 2024 நவம்பரில் அந்த 5ஐ 4 ஆக்கினார்கள். பட்ஜெட்டில் துண்டு விழும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இடைக்கால டிவிடெண்ட் வருவதைக் கவனித்திருப்பீர்கள். 2014 ஜனவரியில் கோல் இந்தியா பங்குக்கு 29 ரூபாய் கொடுத்தது, மொத்தம் 18,317 கோடி. அதில் 90 சதவீதம் அரசுக்குப் போனது. உங்களுக்கும் கிடைத்தது, அரசு ஏறிய பஸ்ஸில் நீங்களும் இருந்ததால்.

இந்த ஒரு விஷயத்தில் அரசின் ஆசையும் நம் ஆசையும் ஒரே பக்கம் இருக்கின்றன, அதனால்தான் இந்தப் பங்குகளை நான் முற்றாக ஒதுக்குவதில்லை. ஆனால் டிவிடெண்டை வங்கி வட்டி மாதிரி நினைக்காதீர்கள். 2022-23ஐ நஷ்டத்தில் முடித்த எச்பிசிஎல் அந்த ஆண்டுக்கு ஒரு பைசா தரவில்லை. அப்புறம், 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். 30 சதவீத வரம்பில் இருப்பவர் 7 சதவீத டிவிடெண்ட் என்று குதிக்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பி.இ. 5, 6தான் இருக்கு. இவ்வளவு சீப்பா கிடைக்கும்போது விடலாமா?

பி.இ. என்பது பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தது. கீழே இருக்கும் அந்த லாபம் நிலையாக இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். எச்பிசிஎல் 2022-23இல் கிட்டத்தட்ட 9,000 கோடி நஷ்டம், அடுத்த வருஷமே 14,000 கோடிக்கு மேல் லாபம். இந்த லாப வருஷத்தை வைத்து பி.இ. போட்டால் கொள்ளை மலிவாகத் தெரியும். முந்தின வருஷத்தை வைத்துப் போட பி.இ.யே கிடையாது.

நானும் விழுந்திருக்கிறேன். பி.இ. 5 என்று ஒரு எண்ணெய்ப் பங்கை வாங்கினேன், பெயர் வேண்டாம், அது அதன் லாபத்தின் உச்சி என்பது இரண்டு காலாண்டு கழித்துத்தான் புரிந்தது. மலிவாக இருப்பதற்கு, மேலே பெட்ரோல் விலையில் சொன்ன கதை ஒரு காரணம். இனி சொல்லப்போவது இன்னொரு காரணம்.

ஒரு அரசு கம்பெனியை இன்னொரு அரசு கம்பெனி வாங்கினா எனக்கென்ன? பணம் உள்ளேயேதானே இருக்கு?

உள்ளே இருக்கிறது, ஆனால் உங்கள் கம்பெனிக்குள் இல்லை. 2018 ஜனவரியில் அரசு வைத்திருந்த 51.11 சதவீத எச்பிசிஎல் பங்கை ஓஎன்ஜிசி வாங்கியது. பங்குக்கு 473.97 ரூபாய், மொத்தம் 36,915 கோடி, சந்தை விலையைவிடச் சுமார் 14 சதவீதம் அதிகம். கடன் இல்லாமல் இருந்த ஓஎன்ஜிசி இதற்காகக் கிட்டத்தட்ட 25,000 கோடி கடன் வாங்கியது. பணம் எங்கே போனது? மத்திய அரசின் அந்த ஆண்டு பங்கு விற்பனை இலக்குக்கு. எண்ணெய் தோண்டும் கம்பெனிக்கு அந்த நேரத்தில் பெட்ரோல் பங்க் தேவையா என்று ஓஎன்ஜிசியின் சிறு பங்குதாரர் யாரும் கேட்கப்படவில்லை.

எச்பிசிஎல் பக்கம் இருந்தவர்கள் நிலை இன்னும் வேடிக்கை. சாதாரணமாக ஒரு கம்பெனியில் பெரும் பங்கு கைமாறினால், வாங்குபவர் மற்ற பங்குதாரர்களிடமும் ஒரு விலை சொல்லி ஓப்பன் ஆஃபர் தர வேண்டும். இங்கே தரவில்லை. கட்டுப்பாடு கடைசியில் அரசிடமே இருக்கிறது, ஆகவே கைமாறவே இல்லை என்பது வாதம். அரசுக்கு 473, நமக்கு அன்றைய சந்தை விலை. இதைவிட வேடிக்கை, 51 சதவீதம் வாங்கிய ஓஎன்ஜிசியைப் புரமோட்டர் என்று எச்பிசிஎல் தன் அறிக்கைகளில் ஒன்றரை வருஷம் காட்டவே இல்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கண்டித்த பிறகு 2019 ஆகஸ்டில்தான் காட்டியது.

இது ஒரு தடவை நடந்த விபத்து இல்லை. 2019 மார்ச்சில், மின் துறைக்குக் கடன் தரும் பிஎஃப்சி, அதே தொழில் செய்யும் ஆர்ஈசியில் அரசு வைத்திருந்த பங்கை 14,500 கோடிக்கு வாங்கியது. 2020 மார்ச்சில் என்டிபிசி, இரண்டு நீர்மின் கம்பெனிகளை அரசிடமிருந்து 11,500 கோடிக்கு வாங்கியது. மாதத்தைப் பாருங்கள், எல்லாம் நிதியாண்டு முடியும் நேரம். சில வாங்கல்கள் பின்னால் நன்றாகவே அமைந்தன, ஆர்ஈசி அதில் ஒன்று. ஆனால் வாங்கலாமா என்ற கேள்வி எழுந்தது வாங்கிய கம்பெனியின் அறையில் இல்லை.

என்டிபிசி, பவர் கிரிட்லயும் இதே கதைதானா?

விலை விஷயத்தில் இல்லை. மின்சாரம் தயாரிக்கும் என்டிபிசி, அதைக் கம்பி வழியாகக் கொண்டுபோகும் பவர் கிரிட், இவற்றின் கட்டணத்தை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம், செலவோடு போட்ட மூலதனத்துக்கு ஒரு வருமானம் சேர்த்து நிர்ணயிக்கிறது (அனல் மின் நிலையங்களுக்கு 15.5 சதவீதம் என்று நெடுநாளாக இருக்கிறது). அதனால் லாபம் பெட்ரோல் கம்பெனி மாதிரி ஊஞ்சல் ஆடாது. இங்கே பார்க்க வேண்டியது வரவேண்டிய பாக்கி. மின்சாரம் வாங்குவது மாநில மின் வாரியங்கள், இலவச மின்சாரமும் மின் கட்டணமும் மாநில அரசியல். பில் போய்விடும், பணம் மெதுவாக வரும்.

என்எல்சி நம்ம ஊர்க் கம்பெனி. அதை நம்பலாமா?

நெய்வேலிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன கட்டண முறைதான் அங்கேயும், பெரிய வாடிக்கையாளர் தமிழ்நாடு மின் வாரியம், ஆகவே பாக்கிக் கதையும் உண்டு. ஆனால் என்எல்சிக்கென்று தனி ரிஸ்க் மண்ணில் இருக்கிறது. சுரங்கம் விரிய நிலம் வேண்டும், நிலம் விவசாயியிடம் இருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, விளைந்து நின்ற நெல் வயலுக்குள் இயந்திரத்தை இறக்கியபோது நடந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். பங்குதாரராக இருப்பவர் அந்த வயலையும் ஆண்டறிக்கையின் ஒரு பக்கமாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு வேடிக்கையான வரலாறும் உண்டு. 2013இல் அரசு தன் பங்கில் ஒரு பகுதியை விற்றாக வேண்டிய விதி வந்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், முதல்வர் ஜெயலலிதா தனியாருக்கு விற்கக் கூடாது என்றார், கடைசியில் தமிழ்நாடு அரசின் ஐந்து நிறுவனங்கள் 3.56 சதவீதத்தைச் சுமார் 358 கோடிக்கு வாங்கிக்கொண்டன. பங்கு சுமார் 60 ரூபாய். 2024 மார்ச்சில் மத்திய அரசு அதே பங்கை 212 ரூபாய் குறைந்தபட்ச விலையில் விற்றது. அரசியலுக்காக வாங்கியது நல்ல முதலீடாகவும் அமைந்துவிட்டது.

ஓஎஃப்எஸ்னு சாயங்காலம் மெசேஜ் வருது, மறுநாள் விலை இறங்குது. ஏன்?

அரசு தன் பங்கைச் சந்தை வழியாக விற்கும் முறை அது. முதல் கேள்வியில் சொன்ன 225 ரூபாய் விற்பனையையே பாருங்கள்: அறிவித்த அன்று பங்கு 241இல் முடிந்திருந்தது. 225க்குக் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு 241 கொடுத்து யார் வாங்குவார்? இதைத் தவிர சிபிஎஸ்ஈ ஈடிஎஃப், பாரத் 22 ஈடிஎஃப் என்று பல கம்பெனிப் பங்குகளைச் சேர்த்த கூடைகளாகவும் விற்றார்கள். விலை ஏறினால் விற்பதற்கு ஒருவர் மூட்டையோடு வாசலில் நிற்கிறார் என்று சந்தைக்கு எப்போதும் தெரியும்.

எல்ஐசியே வாங்குதே, அவங்களுக்குத் தெரியாததா?

எல்ஐசியின் முதலாளி யார்? 2012 மார்ச்சில் ஓஎன்ஜிசியின் 5 சதவீதத்தை 290 ரூபாய் அடிப்படை விலையில் ஏலம் விட்டபோது பெரும்பகுதியை வாங்கியது எல்ஐசிதான், மற்றவர்கள் அந்த விலைக்கு வரவில்லை. எல்ஐசி வாங்குகிறது என்பதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இண்டிபெண்டன்ட் டைரக்டர்னு இருக்காங்களே, அவங்க கேட்க மாட்டாங்களா?

முதலில் அவர்கள் இருக்க வேண்டும். அரசு எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் பலவற்றுக்குப் போதிய சுயேச்சை இயக்குநர்கள் இல்லை என்று பங்குச் சந்தைகள் காலாண்டுதோறும் அபராதம் போட்ட காலம் உண்டு. நாளுக்கு 5,000 ரூபாய், வரியோடு காலாண்டுக்கு ஐந்து லட்சம் சொச்சம். கம்பெனியின் பதில் எப்போதும் ஒன்றே: நியமிப்பது அமைச்சகம், எங்கள் கையில் இல்லை. உண்மைதான். ஆனால் அபராதம் கட்டுவது கம்பெனிப் பணத்தில், அதாவது கொஞ்சம் உங்கள் பணத்திலும்.

இன்னும் நுணுக்கமானது, கம்பெனி தன்னோடு தொடர்புள்ளவர்களோடு (ரிலேட்டட் பார்ட்டி) செய்யும் பரிவர்த்தனைக்கு மற்ற பங்குதாரர்களின் ஒப்புதல் வேண்டும் என்ற செபி விதி. இரண்டு அரசு நிறுவனங்களுக்கு நடுவே நடந்தால் அதிலிருந்து விலக்கு உண்டு. மேலே சொன்ன கம்பெனி வாங்கல் கதைகளை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

கேஸ் போட முடியாதா?

போட்டுப் பார்த்தவர் உண்டு. கிறிஸ் ஹோன் நடத்தும் டிசிஐ என்ற லண்டன் ஃபண்டு, கோல் இந்தியாவில் சுமார் 1 சதவீதம் வைத்திருந்தது. 2012 ஜனவரியில் கம்பெனி நிலக்கரி விலை முறையை மாற்றி ஏற்றியது, அரசு நெருக்கியதும் அந்த மாதக் கடைசியிலேயே இறக்கியது. சந்தை விலையைவிட அடிமாட்டு விலைக்கு விற்று எங்கள் பணத்தை விரயம் செய்கிறீர்கள் என்று இயக்குநர்கள் மேலேயே டிசிஐ நீதிமன்றம் போனது, இந்தியாவுக்கும் சைப்ரஸுக்கும் இடையிலான முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் கீழ் நடுவர் மன்றத்துக்குப் போவோம் என்றும் சொன்னது. 2014இல் பங்கை விற்றுவிட்டு வெளியேறியது. அந்த ஒப்பந்த வழியும் இப்போது பெரும்பாலும் அடைபட்டுவிட்டது, 2016க்குப் பின் இந்தியா பழைய ஒப்பந்தங்களில் பலவற்றை முடித்துக்கொண்டது.

2013 கம்பெனிச் சட்டத்தின் 245ஆம் பிரிவில் நூறு பங்குதாரர்கள் சேர்ந்து கூட்டு வழக்கு போடலாம். ஆனால் நிலக்கரியை மலிவாகக் கொடுத்தால் மின்சாரம் மலிவாகும், இது பொது நலன் என்று அரசு எழுந்து நிற்கும்போது உங்கள் 200 பங்கின் வாதம் எவ்வளவு கனக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கும் அந்த வாதத்தை முழுசாகத் தப்பென்று சொல்ல மனசு வரவில்லை. நம் வீட்டு பில்லும் அதில் இருக்கிறதே.

தேர்தலுக்கு முன்னாடி வித்துட்டு, முடிஞ்சதும் வாங்கினா?

புத்திசாலித்தனமாகத் தெரியும். 2022இல் இதையே செய்தவர்கள் மார்ச் தேர்தல் முடிவுக்குப் பின் வாங்கினார்கள், பெட்ரோல் விலை ஏறியது, இரண்டு வாரத்தில் நின்றது, அடுத்து வந்தது அந்த 10,197 கோடி நஷ்டக் காலாண்டு. இந்த நாட்டில் எங்காவது ஒரு தேர்தல் எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கும்.

பிபிசிஎல் தனியாருக்குப் போனா விலை பறக்கும்னு சொன்னாங்களே?

2019 நவம்பரில், அரசு வைத்திருந்த சுமார் 53 சதவீதத்தையும் விற்க அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேதாந்தா உட்பட மூன்று பேர் விருப்பம் தெரிவித்தார்கள். 2022 மேயில் அந்த விற்பனையையே கைவிட்டார்கள். இரண்டரை வருஷம் 'இதோ, அதோ' என்று காத்தவர்களை எனக்குத் தெரியும். பெட்ரோல் விலை விற்பவர் கையில் இல்லாத தொழிலை முழு விலை கொடுத்து எவர் வாங்குவார் என்பதுதான் அங்கே சிக்கல்.

வெளிநாட்டில இப்படி நடக்குமா?

இதைவிட மோசமாகவே நடக்கும். ரஷ்யாவின் அரசு எரிவாயுக் கம்பெனியான காஸ்ப்ரோமில் 2022இல் இயக்குநர் குழு பங்குக்கு 52.53 ரூபிள் டிவிடெண்ட் பரிந்துரைத்தது. ஜூன் 30 பொதுக்குழுவில் அது நிறைவேறவில்லை, பங்கு அன்றே சுமார் 30 சதவீதம் விழுந்தது. அரசு டிவிடெண்டாக எடுக்காமல் கூடுதல் வரியாக எடுத்துக்கொண்டது. டிவிடெண்ட் என்றால் பங்குதாரர் எல்லோருக்கும் போகும், வரி என்றால் ஒருவருக்கு மட்டும்.

பிரான்ஸில் ஈடிஎஃப் (EDF) என்ற அரசு மின்சாரக் கம்பெனியின் பங்கு (மேலே சொன்ன கூடை இல்லை) 2005இல் சிறு முதலீட்டாளர்களுக்கு 32 யூரோவுக்கு விற்கப்பட்டது. 2022 ஜனவரியில், தேர்தல் வருஷம், போட்டிக் கம்பெனிகளுக்கு இன்னும் அதிக மின்சாரத்தை மலிவு விலையில் கொடு என்று அரசு கட்டளையிட்டது, பங்கு சரிந்தது. பிறகு அதே அரசு பங்குக்கு 12 யூரோ கொடுத்து மொத்தத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டது. பிரேசிலின் அரசு எண்ணெய் கம்பெனியான பெட்ரோபிராஸில் டீசல் விலைத் தகராறில் தலைவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அங்கே ஊழல் வழக்கில் 2018இல் 295 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள், ஆனால் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு. சொந்த நாட்டுச் சந்தையில் வாங்கிய பிரேசில்காரருக்கு அதில் பங்கில்லை.

கடைசியா கேக்கறேன், நீங்க வச்சிருக்கீங்களா?

வைத்திருக்கிறேன். ஒரு நிலக்கரி, இரண்டு மின்சாரம். பெட்ரோல் விற்கும் கம்பெனி எதுவும் இல்லை, அந்தப் பாடத்துக்கு ஃபீஸ் கட்டியாகிவிட்டது. மொத்த முதலீட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இவற்றில் விடுவதில்லை. காலாண்டு முடிவு வந்தால் லாபத்துக்கு முன் வரவேண்டிய பாக்கியைப் பார்ப்பேன். சந்தையே வெறுத்து ஒதுக்கும் நேரத்தில், வரி போக மிஞ்சும் டிவிடெண்ட் மட்டுமே வந்தாலும் போதும் என்று தோன்றும் விலையில் வாங்குவேன். ஓஎஃப்எஸ்ஸில் சில்லறை முதலீட்டாளருக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, அதில் ஒருமுறை கிடைத்தது.

பெரியப்பா ரிடையர்மென்ட் பணத்தில் பெரும்பகுதியைத் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டார், மனசு கேட்காமல் 300 கோல் இந்தியாவும் வாங்கினார். டிவிடெண்ட் வந்த எஸ்எம்எஸ்ஸை எனக்கு ஃபார்வர்ட் செய்வார். விலை இறங்கும் நாளில் மட்டும் போன் வரும்.